கை பெஞ்சு

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
8 நவம்பர் 1943

என் அன்புள்ள லூயிசாவுக்கு,

நோரா எழுதுவது. இங்கே நான், அண்ணன் ஆம்ப்ரோஸ், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வேண்டுதல் முடிந்தது, இனி சண்டை.

வேலூரிலிருந்து மாற்றலாகித் தியாகராய நகருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறதாமே? மாம்பலத்துக்கும் சாந்தோமுக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? இந்தச் செய்தியைக்கூட உன் வாயால் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் தலைமையாசிரியர் அகஸ்டின் சார்தான் சொன்னார். "இனிமேல் நம்ம பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் லூயிசா அம்மாளாம். ரொம்பக் கண்டிப்பு என்று கேள்வி" என்று முகமெல்லாம் வேர்த்துப்போய்ச் சொன்னார். டிரெயினிங் பள்ளி விடுதியில் என் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டு தூங்கியவள்தான் அந்த அம்மாள் என்று நான் சொல்லவில்லை. உன் கௌரவம் என் கையில் இருக்கிறது, பார்த்து நடந்துகொள்.

நீ வருவதற்கு முன்னால் என் மூன்றாம் வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன மாதத்து மழையில் அடையாற்றங்கரைக் குடிசைகள் அடித்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். அங்கிருந்து வந்தவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில்தான் தங்கினார்கள். அதில் என் வகுப்புப் பெண் தேவானையும் இருந்தாள். வகுப்பில் வாயைத் திறக்காத பெண். எல்லோரும் கோரஸாக வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது இவள் உதட்டை மட்டும் அசைப்பாள். மந்தம் என்றே நினைத்திருந்தேன். வராந்தாவில் கஞ்சி ஊற்றுகிற வேலையை அவள் தாய் செண்பகத்தோடு சேர்ந்து இவள்தான் செய்தாள். கொட்டாங்கச்சிகளை வரிசை வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வரிசை கம்மி டீச்சர், ஒரு வரிசைக்கு ஒம்போது" என்றாள். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. நான் அசந்துபோனேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகக் கவனிக்க ஆரம்பித்தேன். ராயப்பேட்டையில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் கலீமுல்லாவின் மகள் ஹமீதுன்னிசா ஒரு தடவை காதால் கேட்டால் போதும், மறுநாள் ஒப்பித்துவிடுவாள். கோயில்பிள்ளையின் மகள் ஆலிஸ் கரும்பலகையைப் பார்க்க வேண்டும். பார்த்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். தேவானைக்குக் கையில் ஏதாவது வேண்டும். ஆகவே வகுப்பை மூன்றாகப் பிரித்துவிட்டேன். காது பெஞ்சு, கண் பெஞ்சு, கை பெஞ்சு. காது பெஞ்சு ஒப்பிக்கும், கண் பெஞ்சு சிலேட்டில் எழுதும், கை பெஞ்சுக்குப் புளியங்கொட்டையும் மணலும். பாடம் ஒன்றுதான், வழிதான் மூன்று.

நீ சிரிக்காதே. விடுதித் தோட்டத்தில் கொய்யாமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தால்தான் உன் மண்டையில் பாடம் ஏறும். உட்கார்ந்து படி என்று கன்னியாஸ்திரி அம்மா அதட்டினால் ஒன்றும் ஏறாது. உனக்கு இது புரியாமல் யாருக்குப் புரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்துவிடு. அண்ணி அப்பம் சுடுவாள்.

உன் பிரியமுள்ள,
நோரா


தியாகராய நகர்,
14 நவம்பர் 1943

பிரியமுள்ள நோராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்தனிஸ்லாஸுக்குப் படித்துக்காட்டினேன். பாயில் பாதி விஷயத்தைக் கேட்டு இரண்டு நாளாகக் கேலி செய்துகொண்டிருக்கிறார். நன்றாக இருக்கிறது உன் உபகாரம்.

நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. என் கையில் இருக்கும் பள்ளிகளின் ஆசிரியர்கள் வீட்டில் கால் வைப்பதில்லை, அந்தப் பள்ளிகளில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று வேலூரிலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பொம்பளை இன்ஸ்பெக்டர் என்றால் அப்பத்துக்கும் காபிக்கும் மடங்கிவிடுவாள் என்று பேசக் காத்திருக்கிறார்கள். கடிதம் எழுதலாம். கடிதத்தில் காபி இல்லை.

பெஞ்சு விஷயம். நான் கொய்யாமரத்தைச் சுற்றிப் படித்தது உண்மைதான். ஆனால் பரீட்சை எழுதியது எங்கே? பெஞ்சில் உட்கார்ந்து. "அம்மா, நான் நடந்தால்தான் ஞாபகம் வரும்" என்று பரீட்சை மண்டபத்தில் கேட்டிருந்தால் வெளியே நடக்கச் சொல்லியிருப்பார்கள். உன் தேவானை புளியங்கொட்டையை எத்தனை நாள் மடியில் கட்டிக்கொண்டு திரிவாள்? மேல் வகுப்பில் கேட்பவர்களுக்குப் பொறுமை இருக்காது. இதை யோசித்தாயா?

டிசம்பர் 2-ம் தேதி வியாழக்கிழமை வருகிறேன். என்னை "வாடி" என்று கூப்பிட்டுவிடாதே.

அன்புடன்,
லூயிசா


சாந்தோம்,
4 டிசம்பர் 1943

லூயிசாவுக்கு,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வந்தாய். காது பெஞ்சைக் கேட்டாய், கணீரென்று சொன்னார்கள். கண் பெஞ்சின் சிலேட்டுகளைப் பார்த்தாய், தலையை ஆட்டினாய். கை பெஞ்சுக்கு வந்து, தேவானையின் முன்னால் இருந்த புளியங்கொட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, "நாலாம் வாய்ப்பாடு சொல்லு" என்றாய். அவள் எழுந்து நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நானு கை பெஞ்சி டீச்சர். எனக்குச் சொல்லல்லாம் வராது."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே ஒரு பார்வை! அதற்குப் பதிலாக நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நாலாம் வாய்ப்பாட்டைக் கொட்டைகளை வைத்து அந்தப் பெண் ஒரு தப்பில்லாமல் பரப்புவாள். அதைச் செய்யச் சொல்லியிருந்தால் உன் உத்தியோகம் போய்விடுமா? அகஸ்டின் சார் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், மணலெல்லாம் பெருக்கி வெளியே கொட்டுங்கள்" என்கிறார். கொட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நோரா


தியாகராய நகர்,
9 டிசம்பர் 1943

நோரா,

கோபத்தோடு எழுதியிருக்கிறாய். எனக்கும் கோபம்தான். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் முன்னால் உன்னைக் கடிந்திருப்பேன். அதனால்தான் போனேன்.

அவளுக்குச் சொல்ல வராமல் இருக்கலாம். அது குற்றம் இல்லை. "எனக்கு வராது" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? வராந்தாவில் கஞ்சி ஊற்றிய பெண்ணுக்கு அது தெரியாதே. உன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதானே தெரிந்துகொண்டாள்? பழைய கோரஸ் வகுப்பிலாவது அவள் உதட்டை அசைத்துப் பார்த்தாள். இப்போது அதையும் விட்டுவிட்டாள். மூன்று வழி திறந்தேன் என்கிறாய். ஒவ்வொருத்திக்கும் ஒன்றைத் திறந்து இரண்டை அடைத்தாய் என்று நான் சொல்கிறேன். அறிக்கையிலும் அப்படியேதான் எழுதியிருக்கிறேன்.

மார்ச்சில் மறுபடி வருவேன். அதில் தேறுகிற பெண்கள்தான் நான்காம் வகுப்புக்குப் போகலாம் என்று அகஸ்டின் சாரே எழுதிக் கேட்டிருக்கிறார், சரி என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாழ்த்து.

லூயிசா


சாந்தோம்,
23 ஜனவரி 1944

அன்புள்ள லூயிசா,

உன் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் எடுத்தேன். மறுநாளும் எடுத்துப் படித்தேன். நீ எழுதியதில் பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்லமாட்டேன், தலையில் ஏறிக்கொள்வாய்.

புது வருஷம் பிறந்ததும் செண்பகம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மழைக்குப் பிறகு மறுபடி ஆற்றங்கரையிலேயே குடிசை போட்டிருக்கிறார்கள். புருஷன் பொன்னுரங்கம் ஹார்பரில் மூட்டை தூக்கப் போகிறான். வாசலில் நின்றபடியே கேட்டாள்:

"இன்னா டீச்சர், எம் பொண்ணு கை பெஞ்சியாமே? அதுக்கு மண்டைல ஒண்ணும் ஏறாது, கைதான் வேல செய்யும்னு பசங்க சொல்லிக்கினு கீதுங்க. மெய்தானா?"

"அப்படி யார் சொன்னது?" என்றேன்.

"யாரு சொன்னா இன்னா? கைதான்னா, அந்தக் கைய வெச்சி சம்பாரிக்கட்டும். அடையாறு பங்களால பாத்திரம் கழுவ ஆள் கேக்கறாங்க. வேளாவேளைக்கு சோறு போட்றாங்க. இங்க குந்திக்கினு புளியங்கொட்ட பொறுக்கறதுக்கு அது தாவலை."

கேட்டாயா, லூயிசா? நான் வைத்த பெயர் அந்தப் பெண்ணைப் பாத்திரம் கழுவக் கூப்பிடுகிறது. மார்ச் மாத ஆய்வு வரைக்கும் விடு என்று கெஞ்சிக் கேட்டேன். "நாலாங் கிளாஸுக்குப் போச்சின்னா படிக்கட்டும். இல்லாங்காட்டி பங்களாதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அரிசி விற்கிற விலையில் ஒரு வாய் குறைந்தாலும் அவர்களுக்கு லாபம்தான்.

அன்றைக்கே பெஞ்சுகளைக் கலைத்துவிட்டேன். கோரஸுக்குத் திரும்பிவிட்டேன் என்று சந்தோஷப்படாதே. இப்போது எல்லோரும் எல்லாம் செய்கிறார்கள். திங்கட்கிழமை எல்லோருக்கும் கொட்டை, செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் சிலேட்டு, புதனன்று எல்லோரும் ஒப்பிக்க வேண்டும். முதல் திங்கட்கிழமை நடந்த கூத்தைக் கேள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தூக்கத்திலும் சொல்லும் ஹமீதுன்னிசாவிடம், அதைக் கொட்டையில் பரப்பிக் காட்டு என்றேன். ஏழு கொட்டை ஒரு பக்கம், எட்டுக் கொட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு முழிக்கிறாள்! ஐம்பத்தாறு எங்கே என்று கேட்டால் அழுகிறாள். இத்தனை நாள் நான் அவளை முதல் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேவானைதான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏழு வரிசை போடு, வரிசைக்கு எட்டு" என்று பரப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் கலீமுல்லா வந்துவிட்டார். "என்னா டீச்சரம்மா, நல்லாப் படிக்கிற பொண்ணை மண்ணுலெ குந்த வெச்சிட்டீங்களாமே! என்னா தப்பு பண்ணிச்சு?" என்று ஒரே சத்தம். பூட்டைத் திறக்கிறவருக்கு ஒரு சாவி போதுமா என்று கேட்கலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேண்டாம் என்று விழுங்கிவிட்டு, ஹமீதுன்னிசாவைக் கூப்பிட்டு ஏழெட்டைப் பரப்பிக் காட்டச் சொன்னேன். காட்டினாள். மனுஷர் குனிந்து ஒவ்வொரு வரிசையாக எண்ணிப் பார்த்துவிட்டு, கடையைத் திறக்கப் போய்விட்டார்.

புதன்கிழமைகள்தான் கஷ்டம். தேவானை வாயைத் திறக்க மறுக்கிறாள். நான் விடப்போவதில்லை. மூன்றாம் வாய்ப்பாடு வரைக்கும் சத்தமாகச் சொல்ல வைத்துவிட்டேன். மார்ச்சுக்குள் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்வாள். நீ வந்து பார்.

பிடிவாதக்காரி,
நோரா


தியாகராய நகர்,
11 பிப்ரவரி 1944

நோரா,

மதுராந்தகம் பக்கம் சுற்றிவிட்டு இன்றுதான் வந்தேன். காலில் வீக்கம். ஹமீதுன்னிசாவின் கதையை வாசித்து நன்றாகச் சிரித்தேன். அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அதையே கேட்டுப் பார்த்தேன். ஒரு வகுப்பே முழித்தது, ஆசிரியரும் சேர்ந்து. உன்னால் எனக்கு ஒரு புது வழக்கம் பிடித்துவிடும்போல் இருக்கிறது.

ஆனாலும் சொல்கிறேன். உன் முகத்துக்காக ஒரு மார்க்கும் போடமாட்டேன். கேள்வியை ஒரு தடவைதான் கேட்பேன், எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான். அவளைத் தயார் செய். மார்ச் 21.

லூயிசா


சாந்தோம்,
22 மார்ச் 1944

லூயிசா,

தவசுக்காலத்தில் யாரையும் வையக்கூடாது என்று சாமியார் பிரசங்கம் செய்தார். அதனால் வையாமல் எழுதப் பார்க்கிறேன்.

நேற்று நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன். தேவானையிடம் "ஏழெட்டு?" என்றாய். எழுந்து நின்றாள். போன வாரம் முழுக்க என்னிடம் சொன்ன பெண், "அம்பத்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். உன் கையிலிருந்த பென்சிலைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அழப்போகிறாள், "எனக்கு வராது" என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. உன்னை நேராகப் பார்த்து, "வேற மாரி கேளுங்க டீச்சர், சொல்றேன்" என்றாள்.

டிசம்பரில் என்ன சொன்னாள், மார்ச்சில் என்ன சொல்கிறாள் என்று யோசித்துப் பார். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியாக வருகிறேன் என்று ஒன்பது வயதுப் பெண் ஒரு இன்ஸ்பெக்ட்ரஸிடம் சொல்கிறாள்! இதற்கு மேல் நான் அவளுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

நீ அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு ஆலிஸிடம் போனாய்.

அகஸ்டின் சார் இன்று பெயர்களை வாசித்துவிட்டார். வகுப்பில் தேவானை ஒருத்திதான் நான்காம் வகுப்புக்குப் போகவில்லை. சாயங்காலம் செண்பகம் வந்து சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமையிலிருந்து அடையாறு பங்களா. தேவானை கூட வரவில்லை.

அவளைத் தேறவிடு என்று நான் கேட்கவில்லை. ஒரு முறை அவளிடம் வேறு மாதிரி கேள். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் தேறமாட்டாள் என்று நீ எழுதினால் ஒப்புக்கொள்கிறேன். கேட்காமலே விட்டுவிட்டால், லூயிசா, பாயில் பாதி கொடுத்த உரிமையில் சொல்கிறேன், இனிமேல் உனக்கு என்னிடமிருந்து கடிதம் வராது. பள்ளியில் வணக்கம் சொல்வேன், நாற்காலி போடுவேன். அதோடு சரி.

நோரா


தியாகராய நகர்,
26 மார்ச் 1944, ஞாயிறு

என் அன்புள்ள நோரா,

இதை ஸ்தனிஸ்லாஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் திங்கட்கிழமை தாண்டிவிடும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உடனே மடித்து வைத்துவிட்டேன். மிரட்டலுக்குப் பணிகிறவள் இல்லை நான், உனக்குத் தெரியும். ஒரு பெண்ணுக்கு இரண்டு தடவை கேட்டால் மற்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று என்னோடு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். வாதத்தில் நான்தான் ஜெயித்தேன். அப்படியும் சோறு இறங்கவில்லை.

நேற்று மங்கள வார்த்தைத் திருநாள். பூசை முடிந்ததும் ரிக்‌ஷா பிடித்து ஆற்றங்கரைக்குப் போனேன். செண்பகம் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "இன்னாம்மா, தோத்துப்பூட்சின்னு வூடு தேடி வந்து சொல்லணுமா? அது எங்களுக்குத் தெரியும்" என்றாள். நான் தேவானையோடு பேச வேண்டும் என்றேன். கூப்பிட்டாள். பெண் வந்து என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

வேறு மாதிரி கேட்பது எப்படி என்று எனக்கே தெரியவில்லை, நோரா. இத்தனை வருஷமாகக் கேட்டதெல்லாம் ஒரே மாதிரிதான். சுற்றிப் பார்த்தேன். எதிரே வரிசையாக ஏழு குடிசைகள் இருந்தன. "வீட்டுக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்" என்று ஆரம்பித்தேன்.

"எட்டுப் பேரு எப்டி டீச்சர் படுப்பாங்க? எங்க வூட்ல நாலு பேருக்கே காலு வெளிய கீது."

"சும்மா வைத்துக்கொள்ளம்மா. மொத்தம் எத்தனை பேர்?"

குடிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விரலை மடக்கவில்லை, தரையில் கோடு போடவில்லை. "அம்பத்தாறு" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வூட்டுக்கு ஏழு பேருன்னா நாப்பத்தொம்போது. அது நல்லாத் தெரியும். அப்பால வூட்டுக்கு ஒருத்தர் ஜாஸ்தியா வந்தா இன்னும் ஏழு பேரு."

இந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளையும் எனக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை. "இதை அன்றைக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க நிக்கலியே டீச்சர். அடுத்த பொண்ணாண்ட பூட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். செண்பகம் சாணிக் கையோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் சொன்னேன், "உன் பெண் நான்காம் வகுப்பு. திங்கட்கிழமை பங்களாவுக்கு அனுப்பாதே, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு." அவள் நம்பவில்லை. "மெய்யாலுமா? எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். அங்கேயே என் பெயரைப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். படிக்கத் தெரியாதவள், அதை வாங்கித் தேவானையிடம் கொடுத்து, "இன்னா எழுதிக்கீது படி" என்றாள். பெண் எழுத்துக் கூட்டிச் சத்தம் போட்டுப் படித்தாள். அக்கம்பக்கத்துக் குடிசைகளிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

என் அறிக்கை வியாழக்கிழமையே மேலிடத்துக்குப் போய்விட்டது. நான் நடத்திய பரீட்சை முழுமையாகவில்லை, ஒரு பெண்ணின் பதிலைக் கேட்காமல் எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ள வேண்டும் என்று நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். விளக்கம் கேட்பார்கள். இந்த வருஷம் எனக்கு வரவேண்டிய உயர்வு நின்றாலும் நிற்கும் என்று ஸ்தனிஸ்லாஸ் பயப்படுகிறார். நிற்கட்டும். அகஸ்டின் சாருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், நாளைக்குக் காலையில் நீ அவரிடம் போய் நில். மேலிடத்திலிருந்து தாள் வரட்டும் என்று இழுத்தடிப்பார், விடாதே.

உன் முதல் பெஞ்சு ஏற்பாட்டைப் பற்றி நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அது தப்புதான். இப்போது செய்வது சரி, அதையும் எழுதியிருக்கிறேன். தேவானையைப் புதன்கிழமைகளில் விட்டுவிடாதே. உலகம் அவளிடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கும், அதற்கும் அவள் பழக வேண்டும்.

அடுத்த வருஷமும் இந்த வட்டாரம் என் கையில் இருந்தால் நானே வருவேன். எட்டாம் வாய்ப்பாடு, ஒன்பதாம் வாய்ப்பாடு எல்லாம் கேட்பேன். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் பக்கத்திலேயே நிற்பேன்.

உன்,
லூயிசா